வேலிக்குப் போன பூவரசு

என் வயதை ஒத்தவர்களே, முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடியே படியுங்கள், ஒன்றும் அவசரமில்லை. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நன்னிலம் பக்கத்து ஊர்களில் பிறந்த நமக்கு ஆடி பிறந்தால் போதும், வாய்க்காலில் வருகிற புதுத்தண்ணீரின் வாசம் மூக்கில் ஏறிவிடும். எனக்கு அதோடு சேர்ந்து வயிறும் எரியும்.

போன வாரம் ஒரு கல்லூரிப் பெண் என்னைத் தேடி வந்தாள். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். கைப்பேசியை என் முன்னால் வைத்துவிட்டு, "பாட்டி, உங்க ஊர்ல மரத்தைக் கும்புடுற வழக்கம் இருந்துச்சாமே? இயற்கை வழிபாடு பத்தித்தான் நான் ஆராய்ச்சி பண்றேன்" என்றாள். காபி கொடுத்தேன். "இயற்கையை யாரும்மா கும்புட்டா? எங்கம்மா பெத்த பொண்ணைக் கும்புட்டுச்சு. அவ மரத்துல இருந்தா, அவ்வளவுதான்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. இயற்கை என்று தனியாக ஏதோ ஒரு சரக்கு இருப்பதாக அவளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். பேச்சை மாற்றி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளிடம் சொல்லாததை உங்களிடம் கொட்டிவிடுகிறேன்.

எனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். பொல்லாத கழுதை. யாரும் பார்க்காத நேரத்தில் தொடையில் கிள்ளிவிட்டு, நான் அழுதால் அவளே முதல் ஆளாக ஓடிவந்து "யாரு அடிச்சா?" என்று கேட்பாள். வாய்க்கால் கரையில் எங்கள் படித்துறைக்கு மேலே ஒரு பூவரசு நின்றது. அதன் இலையைச் சுருட்டி அவள் பீப்பி ஊதினால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். என் பீப்பியிலிருந்து காற்றுதான் வரும். அதைச் சொல்லிச் சொல்லியே என்னை அழவிடுவாள்.

ஆடிப்பெருக்கு அன்று காதோலையும் கருகமணியும் தண்ணீரில் விடப் போனவள், பாசி பிடித்த கடைசிப் படியில் வழுக்கி விழுந்தாள். புதுத்தண்ணீர் என்ன வேகத்தில் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மதகில்தான் கிடைத்தாள். அவள் வயதுக்குக்கூட வந்திருக்கவில்லை.

வருடம் திரும்பியது. நான் சொல்ல வந்தது அந்த அடுத்த வருடக் கதைதான். ஆடியில் தொடங்கித் தையில் முடிந்துபோன ஒரு சம்பா சாகுபடிக் காலம்.

கல்யாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னி என்று வைத்துக் கும்பிடுவது நம் பக்கத்தில் உண்டு. தண்ணீரில் போனவளாக இருந்தால் தண்ணீரிலிருந்தே அவளைக் கூப்பிட வேண்டும். செம்பில் நீரை மொண்டு, பூப் போட்டு, பெயர் சொல்லி அழைத்து, வீட்டுக்குத் தூக்கி வர வேண்டும். வழியில் எங்கே செம்பு கை தாங்காமல் கனக்கிறதோ, அங்கேயே இருக்க அவளுக்கு விருப்பம் என்று அர்த்தம். பெரும்பாலும் சாமி மூலைக்கு வந்த பிறகுதான் கனக்கும். வீட்டுப் பிள்ளை வேறு எங்கே போகும்?

உடுக்கைக்காரர் அடித்துக்கொண்டே வர, அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அக்காவைக் கூப்பிட்டாள். சாமியைக் கூப்பிடுகிற குரலே இல்லை அது. விளையாடப் போனவளைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதட்டல். "எவ்வளவு நேரம்டி? வா, வா, பொழுது போயிருச்சு பாரு!" கரையில் நின்ற பெண்கள் எல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செம்போடு படியேறிய அம்மா பூவரசடிக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கனக்குதுங்க. இதுக்கு மேல வரமாட்டேங்குறா" என்றாள்.

அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். வீட்டில் வைத்துக் கும்பிடுவதையே ஏதோ பெண்டாட்டிக்காகப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தவர். "வேம்பு, அரசுன்னாலும் ஊர்ல ஒரு மதிப்பிருக்கும். பூவரசு! வண்டிக்கு அச்சு செய்யற மரம். அதைப் போயி யாராவது கும்புடுவாங்களா?" என்றார்.

"நான் மரத்தைக் கும்புடலைங்க. அவ அதுல உக்காந்திருக்கா."

"இந்தா பாரு. மரம் மூச்சு விடுது, வாஸ்தவம். வேரால தண்ணி குடிக்குது, இலையால சோறாக்குது. உயிரு இருக்கு. ஆனா ஆளு இல்லடி."

"சோறாக்கத் தெரிஞ்சவளுக்கு நான் கூப்புட்டாக் கேக்கத் தெரியாதா?"

அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். வகுப்பில் பையன்களை மடக்குகிற மனிதர், அம்மாவிடம் மட்டும் இப்படித்தான் தோற்பார். தோற்றதை ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

கன்னிக்குப் புதுப்பாவாடை, சட்டை, சீப்பு, கண்ணாடி, ரிப்பன், வளையல் வைக்க வேண்டும். அடுத்த வருடம் புதுசு வைக்கும்போது பழைய பாவாடை வீட்டிலுள்ள சின்னப் பெண்ணுக்கு வரும். எனக்குத்தான் வரப்போகிறது என்று நான் அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன். மஞ்சளில் பச்சைக் கரை போட்ட சீட்டித் துணி. அம்மா என்னைச் சுவரோரம் நிறுத்தி, விரல் வைத்து அளந்தாள். "போன வருஷத்துக்கு நீ நாலு விரக்கடை வளந்திருக்க. அவளும் வளந்திருப்பாள்ல?" என்று சொல்லி, அக்காவின் பழைய அளவைவிட நாலு விரற்கடை நீளமாக வெட்டிக் கையாலேயே தைத்தாள்.

இதைக் கேட்ட உடுக்கைக்காரர் தயங்கினார். "கன்னி வளர மாட்டாம்மா. போன வயசுலயேதான் நிப்பா. அதுதான் முறை."

"மரம் வளருதுல்ல?" என்றாள் அம்மா. அவர் உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு தினமும் காலையில் அம்மா பூவரசடிக்குப் போவாள். சூடம் சாம்பிராணி எல்லாம் கிடையாது. அடிமரத்தைத் தடவிக்கொடுத்து, "எந்திரிச்சிட்டியா? பழையது கரைச்சு வச்சிருக்கேன்" என்பாள். எறும்பு ஏறினால் தட்டிவிடுவாள். ஆடுமாடு இலை கடித்தால் அவ்வளவுதான், வாயில் வந்ததெல்லாம் கொட்டித் தீர்ப்பாள். வீட்டில் நடப்பதையெல்லாம் அங்கே போய் ஒப்பிப்பாள். நான் கணக்கில் முட்டை வாங்கியதையும் சொல்லியிருக்கிறாள். எனக்கு மானமே போனது. நடுகைக்குப் போகிற பெண்கள் இதைப் பார்த்துவிட்டு, முதல் நாற்று முடியை மரத்தடியில் வைத்து "தாயி, குனிஞ்ச முதுகு நிமிந்தா போதும்" என்று சொல்லிவிட்டு வயலில் இறங்க ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை. "சின்னப் பிள்ளைகிட்டப் போயி இதையெல்லாம் கேக்குறாளுவளே, அவ என்ன பண்ணுவா பாவம்" என்பாள்.

அவள் அழுகை அந்த மாதங்களில் நின்றுபோயிருந்தது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு வருடமாக அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், மறுபடி குழம்புக்குத் தாளித்தாள். எனக்குத் தலை பின்னிவிட்டாள். வீட்டில் எல்லோரும் இதைக் கண்ணால் பார்த்தார்கள். பார்த்தும் புத்தி வரவில்லையே!

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. அம்மா குடையை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் நின்றாள். குடை அவள் தலைக்கு இல்லை, அடிமரத்துக்கு. முழுக்க நனைந்து, பல் கிட்டிப்போய், காய்ச்சலோடு வந்து படுத்தாள். படுத்தவள் "நனையுறாளே, நனையுறாளே" என்று பிதற்றினாள். அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் இரக்கப்பட்டிருப்பீர்கள். கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரேயடியாகத் திட்டித் தொலைத்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். சென்ட் வாசமும் மூன்று பேட்டரி டார்ச்சுமாக ஊரை வளைய வந்தார். அப்பாவிடம் சொன்னார்: "தம்பி, கும்புடுறதுன்னு ஆயிப்போச்சு. அதை ஏன் காட்டுமிராண்டித்தனமா வெட்டவெளியில வச்சுக் கும்புடணும்? கூரையில்லாத சாமி துஷ்ட சாமிடா. கட்டடம் கட்டி, குருக்களை வச்சு, முறையா செஞ்சிருவோம். நனையுறாங்கிற பேச்சும் அத்தோட போயிரும். செலவு என்னோடது."

நம்பிக்கையே இல்லாத அப்பா இதற்குத் தலையாட்டினார். கூரை வந்துவிட்டால் பெண்டாட்டி மழையில் நிற்க மாட்டாள் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. கூத்தாநல்லூர் பக்கத்தில் மாமா வீட்டில் அப்போது மாமிக்குப் பிரசவ நேரம். "துணைக்குப் போயிட்டு வா, திரும்பி வர்றப்ப ஒரு நல்ல சேதி காத்திருக்கும்" என்று அம்மாவை பஸ் ஏற்றிவிட்டார். அவளுக்குத் திடீரென்று காட்டிச் சந்தோஷப்படுத்த வேண்டுமாம். கிளம்பும்போது அம்மா மரத்திடம் போய், "மாமி பெத்துப் பொழைச்சதும் வந்துடுறேன். தங்கச்சியைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மேஸ்திரி வந்து மரத்தைச் சுற்றி நடந்தார். "இதை வச்சுக்கிட்டு கட்ட முடியாதுங்க. வேரு சுவத்தைப் பொளந்துரும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாளே கோடாலி வந்துவிட்டது.

"அப்பா, அக்கா..." என்று நான் இழுத்தேன். அப்பா என் தலையில் கை வைத்து, "அக்கா அங்கேயே இருப்பாம்மா. கல்லுல இருப்பா. கல்லுன்னா நனையாது, காயாது" என்றார். தனக்கே சொல்லிக்கொள்கிறார் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது நான் நம்பினேன்.

பூவரசம்பூ மஞ்சளாகப் பூத்து, உதிரும்போது சிவந்து உதிரும். அன்றைக்கு மஞ்சளாகவே கொட்டிக் கிடந்தது. பச்சை மரம் வெட்டுப்படுகிற வாடை வீட்டுக்குள் வரைக்கும் வந்தது. அடிமரத்தில் சுற்றியிருந்த மஞ்சள் பாவாடையைச் சித்தாள் ஒருத்தி அவிழ்த்து, சும்மாடு கூட்டி, அதன் மேல் செங்கல் சுமந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்கு யார் சொன்னார்கள்? அடிமரத்தை வண்டிப் பட்டறைக்காரர் கொண்டுபோனார். கிளைகளைத் தெருக்காரர்கள் வேலிக்கு எடுத்துப்போனார்கள். பூவரசம் போத்தை வெட்டி மண்ணில் ஊன்றினால் தானே துளிர்த்துக்கொள்ளும், உங்களுக்குத் தெரியாததா? மழை ஈரத்தில் கொல்லைக்குக் கொல்லை ஊன்றினார்கள். மார்கழிப் பனியிலேயே எல்லாம் துளிர்த்துவிட்டன.

தையில் கும்பாபிஷேகம். மயிலாடுதுறையிலிருந்து குருக்கள் வந்திருந்தார். நாகஸ்வரம், வாழைமரம், சுண்ணாம்பு வாசம் போகாத சுவர். பச்சை உடம்புக்காரிக்குத் துணை என்று அதுவரை அங்கேயே நிறுத்தி வைத்திருந்த அம்மாவை அன்று காலை பஸ்ஸில் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா அவளுக்குப் பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வாய்க்கால் கரைக்குத்தான் அவள் வந்தாள். கையில் ஒரு பை. மாமா வீட்டில் இருந்தபோது அக்காவுக்கென்று வாங்கிய வளையல் அதில் இருந்தது.

வந்தவள் நின்றாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை. மரம் இருந்த இடத்தைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். அங்கே வெறும் வானம்தான் இருந்தது.

குருக்கள் தன்மையான மனிதர். "வாங்கம்மா. அம்பாளை ஆவாஹனம் பண்ணியாச்சு. இனிமே உங்க பொண்ணு இங்க சாந்நித்தியமா இருப்பா. நன்னா தரிசனம் பண்ணிக்கோங்கோ" என்றார்.

உள்ளே கருங்கல்லில் ஓர் அம்மன். நாலு கை, சூலம், கோரைப்பல். கழுத்தில் மஞ்சள் கயிற்றில் புதுத் தாலி.

அம்மா பெரியப்பா எதிரில் அதுவரை நின்று பேசியதில்லை. மூத்தார் என்றால் கதவுக்குப் பின்னால் நின்று, என்னை விட்டுத்தான் பதில் சொல்வாள். அன்றைக்கு நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "எம் பொண்ணு வயசுக்குக்கூட வரலை. அவ கழுத்துல யாரு தாலி கட்டுனது?"

நாகஸ்வரக்காரர் வாயிலிருந்து எடுத்துவிட்டார். பெரியப்பா, "அம்மன்னா தாலி இருக்கத்தான் செய்யும்மா, வருஷா வருஷம் திருக்கல்யாணம்கூட வச்சிருக்கோம்" என்று என்னவோ முனகினார். அப்பா குறுக்கே வந்து, "நனையுறாளேன்னு அழுதியேடி. அதுக்குத்தானே..." என்றார்.

"எம் பொண்ணு எங்கங்க?" என்றாள் அம்மா. நான்தான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "கிளையெல்லாம் வேலிக்குப் போயிருச்சும்மா."

அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் அம்மா செம்பில் தண்ணீரோடு கிளம்பிவிட்டாள். ஒவ்வொரு கொல்லையாகப் போனாள். துளிர்விட்ட ஒவ்வொரு போத்தையும் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றிடமும் "நீயாடி? இங்கயா இருக்க?" என்று கேட்டாள். வாங்கி வந்த வளையலை எதில் மாட்டுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். பின்னாலேயே நானும் போனேன்.

முதலில் தெருவில் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. கிழக்கு வீட்டுக்காரி ஒருநாள் வேலியோரம் அம்மாவை மறித்தாள். "ஏங்க, செத்த பிள்ளையைக் கொண்டாந்து எங்க வேலியில வைக்காதீங்க. எங்க வீட்டுலயும் வயசுப் பொண்ணு இருக்கு" என்று சொல்லி, அம்மா கண்ணெதிரே அந்தப் போத்துகளைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தாள். ஒருத்தி செய்தால் போதாதா? அந்த வாரமே தெரு முழுக்கப் பிடுங்கிவிட்டார்கள். துளிரோடு எல்லாம் தண்ணீரில் போயின.

அதே கிழக்கு வீட்டுக்காரி வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழ விளக்குப் போடுவாள். என்ன அநியாயம் பாருங்கள்! நாலு கையும் பூட்டும் இருந்தால் அம்மன். வேலியில் இலைவிட்டு நின்றால் பேய். இரண்டும் ஒரே பெண்தானே? அந்தக் கல்லூரிப் பெண் ஆராய்ச்சி பண்ண வேண்டியது இதைத்தான். எந்தப் படிப்பிலும் இதைச் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

அம்மாவைத் தஞ்சாவூருக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அவள் அலைவது நின்றது. பேச்சும் குறைந்தது. அப்பாவோ, வாழ்நாள் முழுக்கச் சாமி இல்லை என்றவர், சாயங்காலமானால் கோயில் வாசலில் போய் உட்கார ஆரம்பித்தார். ஒவ்வொரு ஆடிக்கும் அம்மாவிடம் கெஞ்சுவார்: "ஒரே ஒரு தடவை வந்து பாரு. நம்ம பொண்ணுதானே."

ஒரு தடவைகூட அம்மா போகவில்லை. அவளுக்கு வயதான காலத்தில் நான் ஒருநாள் கேட்டேன், "ஏம்மா, மனசுக்குள்ளயாவது அக்காகூடப் பேசுறியா?" என்று. முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "துண்டு துண்டா நறுக்கி ஊருக்குக் குடுத்துட்டாங்க. அதையும் புடுங்கி வாய்க்கால்ல விட்டாச்சு. நான் எந்தத் துண்டைக் கூப்புட்டுச் சாப்புட்டியான்னு கேக்க?" என்றாள். புடைத்த உமியை ஊதிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பாதான் முதலில் போனார். பல வருடம் கழித்து அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். பெரியப்பா மகன்தான் கொள்ளிச் சட்டி எடுத்தான். எனக்கு அண்ணன் முறை. மயானத்துக்கு வாய்க்கால் கரை வழியாகத்தான் போக வேண்டும். பெண்கள் கோயில் வரைக்கும்தான் போகலாம், அங்கே நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

கோயிலுக்கு எதிரே போனபோது பார்த்தேன். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே திரை இழுத்துவிட்டிருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை; அப்பா சாவில் அழுத அழுகையில் இதையெல்லாம் நான் கவனித்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை, காலை நேரம், ஏன் பூட்டிக் கிடக்கிறது?

பழைய குருக்களின் மகன் ஓரமாக நின்றிருந்தார். "தெருவுல பிரேதம் இருக்கறச்சே நடை சாத்திடுவோம் மாமி. அம்பாள் கண்ணுல தீட்டுப் படப்படாது. எடுத்துண்டு போனப்புறம் அலம்பிவிட்டுத்தான் தெறப்போம்" என்றார்.

"அது அவளைப் பெத்த தாய்ங்க!" என்று கத்திவிட்டேன். அவர் மலங்க மலங்க விழித்தார். அவருக்கு அந்தக் கதையே தெரியாது. கோயிலில் இப்போது ஒருவருக்கும் தெரியாது.

"அண்ணே, நிறுத்தச் சொல்லுண்ணே. கதவைத் தெறக்கச் சொல்லு. ஒரு நிமிஷம் அக்கா பாக்கட்டும்."

கொள்ளிச் சட்டியோடு நின்ற அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. "என்ன பண்ணச் சொல்ற? ஊர் வழக்கம். அழுவாம வீட்டுக்குப் போ" என்றான். பாடை தூக்கியவர்கள் கோயிலைக் கடக்கிறவரைக்கும் நடையை எட்டிப் போட்டார்கள். அதுவும் வழக்கமாம்.

மற்றப் பெண்கள் திரும்பிவிட்டார்கள். நான் போய் அந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்துச் சொன்னேன்: "அக்கா, அம்மா போவுதுக்கா."